மறுதொடக்கம் பரிகாரமாகாது

கணிப்பொறி ஒன்று வேலையின் நடுவே அசைவற்று நின்றுவிட்டால், அதை அணைத்து மீண்டும் இயக்குவது பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் கணிப்பொறி மறுபடியும் இயங்கத் தொடங்குகிறது. ஆசிரியர் பாடத்தைத் தொடர்கிறார். ஊழியர் தம் வேலையைப் பார்க்கிறார். பழுது தீர்ந்தது என்றே யாவரும் கருதுகின்றனர். உண்மையில் அழிந்தது பழுதின் தடயமே.

கணிப்பொறியை அணைத்தவுடன் அதன் நினைவகத்தில் அப்போதிருந்த நிலை முழுவதும் மறைந்துவிடுகிறது. எந்தப் பணி எதற்காகக் காத்து நின்றது, எந்தப் பூட்டை எது பிடித்திருந்தது, எந்தச் சைகை சேர வேண்டிய இடத்தில் சேராமல் தேங்கிக் கிடந்தது என்று கண்டறியும் வழி அடைபட்டுப் போகிறது. பழுதோ நிரலின் உள்ளே முன்போலவே இருக்கிறது. மற்றொரு நாள், மற்றொரு பள்ளியில், இன்னும் முக்கியமான வேளையில் அது மீண்டும் தலைகாட்டும். ஆகவே, மறுதொடக்கத்துக்கு முன் ஐந்து நிமிடம் செலவிட்டுப் பழுதைக் குறித்து வைக்கும் பழக்கம் ஆசிரியர், கள ஊழியர், மாணவர் ஆகிய மூவர்க்கும் வர வேண்டும். கணிப்பொறிக் கல்வியில் இன்று மிகக் குறைவாகக் காணப்படுவதும் மிக அதிகமாக வேண்டப்படுவதும் இப்பழக்கமே ஆகும்.

திருவனந்தபுரத்துக்குள்ள வாய்ப்பு

இதனைத் தொடங்கத் திருவனந்தபுரத்துக்குத் தனித்ததொரு வாய்ப்பு உண்டு. இந்தியச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்நகரில்தான் தொடங்கப்பெற்றது. அவ்வியக்கத்தின் முன்னோடியான ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்து தொடங்கி வைத்தார். அதே காலத்தில் உருவான ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் கேரளப் பள்ளிகளுக்குக் கணிப்பொறிக் கல்வியைக் கொண்டு சென்றது. சில ஆண்டுகளில் அக்கல்வி குனூ-லினக்ஸ் இயக்க முறைக்கு மாறியது. 2017-இல் அத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018-இல் பள்ளிதோறும் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் குழுக்கள் அமையலாயின. நுண்செயலிகளை வடிவமைக்கும் பணியும் இந்நகரில் நடைபெறுகிறது. சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுர நிலையம் உருவாக்கிய ‘வேகா’ வரிசையில், ஒன்றுக்கு மேற்பட்ட செயலகங்களை ஒருங்கே கொண்ட நுண்செயலிகளும் உண்டு.

குனூ-லினக்ஸின் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. பள்ளி மேசையின்மீதுள்ள கணிப்பொறியை ஆளும் நிரலை, விரும்பும் மாணவன் வரிவரியாகப் படிக்கலாம். மூடிய பெட்டியில் பழுது நேர்ந்தால் விற்றவரை வேண்டி நிற்பதன்றி வேறு வழியில்லை. திறந்த பெட்டியில் நேர்ந்த பழுதையோ, குறிப்பு மட்டும் செம்மையாக அமைந்திருக்குமானால், உலகின் எந்த மூலையில் உள்ளவரும் ஆராய்ந்து திருத்தலாம். இத்தகைய பெரும் உரிமை கையில் இருந்தும், அணைத்து இயக்குவதோடு நின்றுவிடுவது அவ்வுரிமையைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

இழைகளும் பூட்டுகளும்

எத்தகைய பழுதைக் குறித்து வைக்க வேண்டும் என்பதை அறியக் கணிப்பொறியின் உள்நடப்பைச் சிறிது அறிந்திருத்தல் நல்லது. இயக்க முறையின் நடுப்பகுதியாக விளங்குவது கருநிரல். நினைவகம், வட்டு, விசைப்பலகை, வலையமைப்பு ஆகிய யாவும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. பயனர் தொடங்கும் ஒவ்வொரு வேலையும் கருநிரலின் கணக்கில் ஒரு பணி. ஒரு பணிக்குள்ளேயே பல வேலைகள் ஒரே சமயத்தில் நடைபெறுவதுண்டு. அவற்றுக்கு இழைகள் என்று பெயர். ஒரு பணியின் இழைகள் யாவும் ஒரே நினைவகப் பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றின் விரைவுக்குக் காரணம் இப்பகிர்வே. அவற்றால் விளையும் தொல்லைக்கும் காரணம் இதுவே.

ஒரு பள்ளியின் சேமிப்புக் கணக்கில் இருப்பு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தர் இருவர் ஒரே சமயத்தில் பேரேட்டைப் பார்த்து 500 என்று மனத்தில் கொள்கின்றனர். முதல்வர் 100 ரூபாயைக் கூட்டி 600 என்று எழுதுகிறார். இரண்டாமவர் தம் மனத்திலுள்ள 500-உடன் 200-ஐக் கூட்டி, முன்னதை அடித்துவிட்டு 700 என்று எழுதுகிறார். இருவரும் கூட்டலில் தவறவில்லை. எனினும் 800 இருக்க வேண்டிய இடத்தில் 700 நிற்கிறது. ஒருவர் ஒரு நிமிடம் தாமதித்து வந்திருந்தால் இப்பிழை நேர்ந்தே இராது. இழைகளுக்கிடையே நேரும் இத்தகைய பிழையை முந்துதற் பிழை எனலாம். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறுகின்றது.

இதற்குப் பரிகாரம் பூட்டு. ஒற்றைத் தண்டவாளப் பகுதியில் டோக்கன் பெற்ற வண்டி மட்டுமே செல்லலாம் என்னும் ரெயில்வே ஏற்பாட்டை இதற்கு உவமையாகக் கூறலாம். பேரேட்டின் பூட்டைப் பெற்ற இழை மட்டுமே அதில் எழுதலாம், மற்றவை காத்திருக்கும். ஆனால் பூட்டுகள் இரண்டாகும்போது புதிய இடர் தோன்றுகிறது. பேரேட்டைப் பிடித்த இழை பெட்டிச் சாவிக்காகக் காத்திருக்கிறது. பெட்டிச் சாவியைப் பிடித்த இழை பேரேட்டுக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் நகரா. திரை உறைந்து நிற்பதற்கு இத்தகைய முடக்கமும் ஒரு காரணமாகும்.

சைகை செய்யும் இடையூறு

இழைகளின் தொல்லையோடு சைகைகளின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பணிக்குக் கருநிரல் அனுப்பும் குறுஞ்செய்தியே சைகை. முனையத்தில் கண்ட்ரோல் விசையுடன் ‘சி’ விசையை அழுத்தினால் நிறுத்தச் சொல்லும் சைகை பிறக்கிறது. தனக்கு உரிமையற்ற நினைவகத்தைத் தொட்ட பணிக்கு வேறொரு சைகை செல்கிறது. 9 என்னும் எண்ணுடைய சைகை பணியைக் கொல்வதற்கு உரியது; அதனைத் தடுக்கவோ புறக்கணிக்கவோ எந்தப் பணிக்கும் அனுமதியில்லை.

சைகை எப்போது வரும் என்று பணிக்குத் தெரியாது. எழுத்தர் பேரேட்டைப் பூட்டித் தம் கையில் வைத்துக்கொண்டு கூட்டலில் ஆழ்ந்திருக்கும்போது மேலதிகாரியின் மணி ஒலிக்கிறது. எழுந்து சென்று அவர் இட்ட வேலையை முடித்த பின்னரே திரும்ப வேண்டும் என்பது விதி. அவர் இட்ட வேலைக்கு அதே பேரேடு தேவைப்படுமானால், எழுத்தர் தம் கையிலுள்ள சாவிக்காகத் தாமே காத்து நிற்பார். சைகையைக் கவனிக்கும் நிரற்பகுதி, நினைவகம் ஒதுக்குதல், அச்சிடுதல் போன்ற சாதாரண வேலைகளைச் செய்யலாகாது என்று விதித்திருப்பது இதனாலேயே. அவ்வேலைகளுக்கு உள்ளே பூட்டுகள் மறைந்துள்ளன.

பல இழைகள் கொண்ட பணிக்குச் சைகை வந்தால் அதை எந்த இழை ஏற்பது என்பது மற்றொரு சிக்கல். பணி முழுவதற்கும் வரும் சைகையை, அதனைத் தடுத்து வைக்காத ஏதேனும் ஓர் இழையிடம் கருநிரல் ஒப்படைக்கிறது. இன்று ஓர் இழை ஏற்கும். நாளை வேறோர் இழை ஏற்கும். இன்று நன்கு ஓடிய நிரல் நாளை முடங்குவதற்கு இஃதொன்றே போதும்.

கொல்லும் சைகைக்கும் அசையாத பணிகள் உண்டு என்பதை ஆசிரியர்கள் கண்டிருக்கக்கூடும். பழுதுபட்ட பென்டிரைவிலிருந்து கோப்பைப் படிக்க முயலும் பணி, வட்டின் விடைக்காகக் கருநிரலுக்குள் உறங்குகிறது. பணி கருநிரலிலிருந்து வெளிவரும் வாயிலிலேயே சைகை அதற்குச் சேர்ப்பிக்கப்படும். உள்ளே உறங்குபவனுக்கு ஓலை கொடுக்க இயலாது. பணிகளின் பட்டியலில் இந்நிலை ‘டி’ என்னும் எழுத்தால் குறிக்கப்படும். 2008-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.25 பதிப்பில், கொல்லும் சைகைக்கு மட்டும் விழித்தெழக்கூடிய உறக்கநிலை ஒன்று சேர்க்கப்பட்டது. எனினும் பழைய உறக்கம் முற்றிலும் ஒழியவில்லை. இத்தகைய உறக்கம் 120 விநாடிகளுக்கு மேல் நீடித்தால், பல கணிப்பொறிகளில் கருநிரல் தானே தன் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுகிறது. பணி எவ்விடத்தில் நிற்கிறது என்பதையும் அதில் சேர்க்கிறது. கருநிரல் தன் நோயைத் தானே எழுதி வைக்கிறது. அதைப் படிக்காமலேயே மின்சாரம் துண்டிக்கப்படுகிறது!

ஆராய்வோர் படும் பாடு

சாதாரணப் பிழை கணக்கில் நேர்ந்த பிழை போன்றது. எத்தனை முறை செய்து பார்த்தாலும் அதே தவறான விடையே வரும். முந்துதற் பிழையோ ஆயிரம் முறை மறைந்திருந்து ஒருமுறை தோன்றும். அதனைக் காண்பதற்காக நிரலில் ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்தால் நேரம் சிறிது மாறுகிறது. அம்மாற்றத்தாலேயே பிழை ஒளிந்துகொள்கிறது. ஆகவே ஆராய்வோர்க்கு முதற்கண் தேவைப்படுவது, பிழையை மீண்டும் தோன்றச் செய்யும் வழி. அந்த வழியைப் பெரும்பாலும் அறிந்திருப்பவர் கருவியோடு அன்றாடம் பழகுபவரே. இதற்குத் துயரமான சான்று ஒன்று உண்டு.

தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைக் கருவி கனடாவில் செய்யப்பட்டது. 1985-க்கும் 1987-க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அதனால் மிகையான கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். அக்கருவியின் நிரலில் பல வேலைகள் ஒருங்கே ஓடின. அவை பகிர்ந்துகொண்ட விவரங்களுக்குத் தக்க காவல் இல்லை. 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் விபத்து நேர்ந்தபோது, செய்தோரின் பொறியாளர்கள் சோதித்துப் பார்த்தனர், பிழை தோன்றவில்லை. கருவி மீண்டும் சிகிச்சைக்கு வந்தது. ஏப்ரலில் அதே இடத்தில் இரண்டாவது விபத்து நேர்ந்தது. பின்னர் அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும், தாம் செய்தவற்றை நினைவுகூர்ந்து, திரும்பத் திரும்ப முயன்று, ‘54’ என்னும் பழுதுச் செய்தியை மீண்டும் தோன்றச் செய்தனர். பழகிய கை விரைவாக இயங்கி, தவறாகக் கொடுத்த குறிப்பை எட்டு விநாடிகளுக்குள் திருத்தியதே காரணம் என்பது வெளிப்பட்டது. மெதுவாகச் சோதித்த பொறியாளர்க்கு அப்பிழை அகப்படவில்லை. உண்மையைக் கண்டுபிடிக்க உதவியது, களத்தில் பணிபுரிந்தவரின் நினைவும் பொறுமையுமே.

லினக்ஸ் கருநிரலிலும் இத்தகைய பிழைகள் நெடுநாள் மறைந்திருந்ததுண்டு. ‘டர்ட்டி கவ்’ என்று பெயர்பெற்ற முந்துதற் பிழை 2007 முதல் கருநிரலில் இருந்து, 2016 அக்டோபரில் திருத்தப்பட்டது. இரண்டு இழைகளைத் தக்க விதமாகப் போட்டியிடச் செய்தால், படிப்பதற்கு மட்டும் உரிமையுள்ள கோப்பில் எழுதவும் அது இடம் கொடுத்தது. இதே கோளாற்றைப் பதினோராண்டுகளுக்கு முன் தாம் திருத்த முயன்று சரியாகச் செய்யாது விட்டதை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திருத்தக் குறிப்பிலேயே எழுதி வைத்தார். தன் பிழையைப் பலரும் காண எழுதி வைக்கும் இப்பண்பு, எந்த நுட்பத்தையும்விடப் பள்ளிகளில் கற்பிக்கத் தக்கதாகும்.

திருத்தம் நிலைப்பதற்கும் குறிப்பு வேண்டும். தொலைவிலுள்ள கணிப்பொறியை இயக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில், சைகையைக் கவனிக்கும் பகுதியில் இருந்த பிழை ஒன்று 2006-இல் திருத்தப்பட்டது. 2020-இல் நிரலை மாற்றியமைத்தபோது அக்காவல் தவறுதலாக நீங்கிவிட்டது. பழைய பிழை உயிர்பெற்றது. 2024-இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தோன்றச் செய்ய ஆராய்ச்சியாளர்க்குச் சராசரியாகச் சுமார் 10,000 முயற்சிகள் தேவைப்பட்டன. ஒருமுறை உறைந்து பின் சரியாகிவிட்ட கணிப்பொறியில் பிழையில்லை என்று கூறுவது எத்துணைப் பேதைமை என்பது இதனால் விளங்கும்.

கூறப்படும் தடைகள்

இப்பழக்கத்துக்குத் தடையாகச் சிலவற்றைக் கூறுவர். ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது முதலாவது. இதில் உண்மையுண்டு, ஒரு பாடவேளைக்குள் நாற்பது மாணவர்களைக் கவனிக்க வேண்டியவர் கருநிரலை ஆராய்ந்துகொண்டிருக்க இயலாது. ஆனால் இங்கு வேண்டப்படுவது குறிப்பு மட்டுமே. திருத்துவது வேறொருவர் பணி. குறிப்பை எழுதும் பொறுப்பை மாணவர் குழுவிடமே ஒப்படைக்கலாம்.

கருநிரல் மாணவரின் அறிவுக்கு எட்டாதது என்பது இரண்டாவது தடை. மழைமானியைப் படித்து எழுதும் மாணவன் வானிலை இயலை முற்றும் கற்றவன் அல்லன். ஆயினும் அவன் எழுதிய எண் வானிலை அறிஞர்க்குப் பயன்படுகிறது. அவ்வாறே உறைந்த கணிப்பொறியின் பணிப் பட்டியலில் ‘டி’ என்னும் எழுத்து எதன் எதிரே நிற்கிறது என்று பார்த்து எழுத எட்டாம் வகுப்பு மாணவனால் இயலும்.

மூன்றாவது தடை வெளியே சொல்லப்படுவதில்லை. எனினும் அதுவே வலியது. பழுதுகள் மிகுதியாகப் பதிவான ஆய்வுக்கூடம் சரியாகப் பேணப்படாத கூடம் என்று பார்வையிடுவோர் எண்ணிவிடுவரோ என்னும் அச்சம் ஆசிரியர்க்கு உண்டு. பழுது இல்லை என்று எழுதும் கூடமே நற்பெயர் பெறுமானால், உண்மையைக் குறிப்பவர் எவரும் இருக்கமாட்டார். இம்முறையை மாற்ற வேண்டியவர் மேலிருப்போர். பார்வையிடுவோர் பழுதுகளின் தொகையைக் கேளாமல் குறிப்புகளின் தரத்தைக் கேட்பாராயின், ஓராண்டுக்குள் நிலைமை மாறிவிடும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டுவன

ஒவ்வொரு கணிப்பொறிக் கூடத்திலும் ஒரு பழுதுக் குறிப்பேடு இருத்தல் வேண்டும். ‘கணிப்பொறி வேலை செய்யவில்லை’ என்னும் வாக்கியத்தால் எவர்க்கும் பயனில்லை. எந்தக் கணிப்பொறி, எந்தப் பதிப்பு. உறைவதற்கு முன் என்னென்ன, எந்த வரிசையில் செய்யப்பட்டன. எத்தனை மணிக்கு நேர்ந்தது. திரையிலும் பணிப் பட்டியலிலும் கருநிரலின் பதிவேட்டிலும் கண்டது என்ன. மீண்டும் முயன்றபோது எத்தனையில் எத்தனை முறை தோன்றியது என்னும் ஐந்து செய்திகள் போதும். ‘இருபது முயற்சிகளில் மூன்று முறை’ என்று ஒரு மாணவி எழுதுவாளாயின், ஆராய்வோர்க்கு அவள் பாதி வழியைக் காட்டிவிட்டாள் எனலாம்.

மொழியைக் குறித்தும் ஒன்று கூற வேண்டும். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. திருவனந்தபுரத்திலும் தமிழ் கற்போர் உண்டு. நிகழ்ந்ததைத் தமிழிலோ மலையாளத்திலோ எழுத மாணவர்க்கு உரிமை வேண்டும்; பிற மொழியில் எழுதத் தயங்கியே பல உண்மைகள் எழுதப்படாமற் போகின்றன. ஆனால் திரையில் தோன்றும் பழுதுச் செய்தியை மட்டும் மொழிபெயர்க்கலாகாது. உள்ளது உள்ளவாறே, எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் பார்த்து எழுத வேண்டும். அச்செய்தியைக் கொண்டே மூலநிரலில் உரிய வரியைத் தேடிப் பிடிக்கலாம். ஓரெழுத்து மாறினாலும் தேடல் வீணாகும்.

இவ்வாறு சேர்ந்த குறிப்புகளை மாவட்டக் கள ஊழியர் திங்கள்தோறும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளியில் ஒருமுறை தோன்றியது விந்தை. பத்துப் பள்ளிகளில் ஒரே விதமாகத் தோன்றியது சான்று. எந்தப் பதிப்பு முதல் பழுது தோன்றியது என்பதைப் பாதியாகப் பகுத்துத் தேடும் முறையால் கண்டறியலாம். ஆயிரம் மாற்றங்களுள் பழுதைப் புகுத்திய ஒன்றைக் கண்டுபிடிக்கப் பத்துச் சோதனைகளே போதும். இது கணக்குப் பாடத்துக்கும் நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும். தேர்ந்த குறிப்புகள் உரிய வல்லுநர்களைச் சேர வேண்டும். அவர்கள் அளிக்கும் விடை, குறிப்பெழுதிய பள்ளிக்குத் திரும்பி வருதல் அதனினும் அவசியம். விடை வாராத கடிதத்தை எவரும் இரண்டாம் முறை எழுதார்.

இந்நகருக்கு இப்பாடம் புதிதன்று. திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான எஸ்.எல்.வி-3 ஏவுகலம், 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் முதன்முறை ஏவப்பட்டபோது தோல்வியுற்றது. பறந்த சில நிமிடங்களில் கருவிகள் அனுப்பிய பதிவுகளை ஆராய்ந்தே, இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு ஒன்றின் வழியாக அமிலம் கசிந்தது கண்டறியப்பட்டது. 1980 ஜூலை 18-ஆம் நாள் அதே வகை ஏவுகலம் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது. கடலில் விழுந்த ஏவுகலத்தை எவராலும் மறுதொடக்கம் செய்ய இயலாது. அதனாலேயே பதிவு செய்யும் பழக்கம் அங்கு வேரூன்றியது. பள்ளிக் கணிப்பொறியை எளிதில் மறுதொடக்கம் செய்ய இயல்கிறது. பழக்கம் வேரூன்றாமைக்கு அவ்வெளிமையே காரணம்.

பள்ளிகளில் இன்று பயிலும் மாணவர்களே நாளை மருத்துவமனைக் கருவிகளுக்கும் மின்நிலையங்களுக்கும் ரெயில்வே சைகைகளுக்கும் நிரல் எழுதப் போகின்றவர்கள். உறைந்த திரையைக் கண்டவுடன் அவர்கள் கை எதை நோக்கிச் செல்கிறது என்பதில் பலருடைய உயிர் அடங்கியுள்ளது. மின்விசையை நோக்கிச் செல்லும் கையை ஒரு கணம் தடுத்து, எழுதுகோலை நோக்கித் திருப்புவது ஆசிரியரின் கடமையாகும்.